தோண்டாமலே குழாயைச் சரிசெய்ய முடியுமா? பட்டு நெசவு ஊர்களுக்கு இது ஏன் முக்கியம்?

தெருவில் குழாய் உடைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஜேசிபி வரும். சிமென்ட் ரோட்டை உடைக்கும். பள்ளத்தைச் சுற்றி ஒரு ரிப்பன் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு அந்த இடம் உள்வாங்கும். ‘இப்பதானே ரோடு போட்டாங்க, அதுக்குள்ள ஏன் தோண்டுறாங்க?’ என்று கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

பெரும்பாலான ஊர்களில் இது போக்குவரத்துப் பிரச்சினை. திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் இது பிழைப்புப் பிரச்சினை. கைத்தறிப் பட்டுக்குப் பெயர்போன, புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. இப்படிப்பட்ட ஊரில் தெருவும், வீட்டுத் தரையும், குழாய்த் தண்ணீரும் தறியோடு சேர்ந்தவை.

பூமிக்கு அடியில் பழுதான குழாயை ரோட்டைத் தோண்டாமலே சரிசெய்யும் முறைகள் உலகத்தில் 50 ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ளன. அவை எப்படி வேலை செய்கின்றன? எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்? நம் ஊருக்கு வேண்டும் என்றால் நகராட்சியிடம் என்ன கேட்க வேண்டும்?

நெசவுத் தெருவில் குழாய் உடைந்தால் என்ன ஆகும்?

மூன்று விதமான பாதிப்பு.

முதலாவது, தெரு. தறியில் ஏற்றும் முன் பாவு நூலை நீளமாக நீட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை இணைக்க வேண்டும். ஒரு பாவில் மூன்று சேலை நெய்வதாக வைத்துக்கொண்டால், சேலைக்கு 6 மீட்டருக்குக் குறையாமல் போட்டாலும் 18 மீட்டர் நீளம் வேண்டும். எந்த வீட்டுக் கூடத்திலும் அது அடங்காது. அதனால்தான் நெசவு ஊர்களில் விடிகாலைத் தெருவில் பாவு நீட்டும் வழக்கம் வந்தது. அந்தத் தெருவின் நடுவே பத்து நாளைக்குப் பள்ளம் கிடந்தால், பாவு நீட்ட இடம் கிடையாது.

இரண்டாவது, தரை. பழைய முறைக் கைத்தறி பெரும்பாலும் குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். தெருவில் கசியும் குழாய்த் தண்ணீரோ சாக்கடைத் தண்ணீரோ மண்ணுக்குள் பரவி வந்தால், முதலில் ஊறுவது இந்தக் குழிதான். பட்டு ஈரத்தை இழுக்கும் நூல். சாதாரண நாளிலேயே அதன் உலர் எடையில் சுமார் 11% அளவுக்கு ஈரம் இருக்கும். ஈரம் கூடினால் நூலின் இழுவிசை மாறும், ஜரிகை கறுக்கும், தறிக் கட்டை உப்பும். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறி வேலை நிற்பது நெசவாளர் குடும்பங்களுக்குப் பழகிய கஷ்டம். உடைந்த குழாய் அந்த மழைக்காலத்தை வருஷம் முழுக்க நீட்டிவிடும்.

மூன்றாவது, தண்ணீர். பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்கவும், சாயம் ஏற்றவும், அலசவும் நிறையத் தண்ணீர் தேவை. அதில் இரும்புச் சத்து கலந்திருந்தால் சாயம் மங்கும், நிறம் மாறும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் வழியாக வரும் கலங்கல் தண்ணீர், குடிப்பவருக்கு மட்டுமல்ல, சாயப்பட்டறைக்கும் தலைவலி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைத்தறி நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்த சேலைக்குத்தான் கூலி. தெரு தோண்டியதால் நின்ற நாளுக்கு யாரும் விடுப்புச் சம்பளம் தரமாட்டார்கள்.

குழாய் ஏன் உடைகிறது?

வயசானால் எல்லாம் போகும் என்பது பாதி உண்மைதான். ஒவ்வொரு வகைக் குழாயும் ஒவ்வொரு விதமாகப் போகும்.

வார்ப்பிரும்புக் குழாய் உள்ளும் புறமும் துருப்பிடிக்கும். சுட்ட களிமண் சாக்கடைக் குழாய் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால், இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில் பூசிய சிமென்ட் விரிசல் விடும். அந்த விரிசலில் மர வேர் மயிரிழை போல நுழைந்து, தண்ணீர் கிடைத்ததும் உள்ளே புதர்போல் வளரும். கான்கிரீட் சாக்கடைக் குழாய்க்கு எதிரி வேறு. கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேலே எழும்பி, குழாயின் மேல்வளைவில் உள்ள ஈரத்தில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். அதனால்தான் சில சமயம் திடீரென்று ரோடு உள்வாங்கி, லாரியின் ஒரு சக்கரம் உள்ளே இறங்குகிறது.

குடிநீர்க் குழாயில் நம் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, சில மணி நேரமோதான் வருகிறது. தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். விரிசலில் உள்ளிருந்து வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கும். அப்போது வெளியே தேங்கிய அழுக்குத் தண்ணீர் அதே விரிசல் வழியாக உள்ளே போகும். பக்கத்தில் சாக்கடைக் குழாயும் கசிந்தால், மறுநாள் முதலில் வரும் தண்ணீரில் நாற்றம் அடிப்பது இதனால்தான்.

முதல் வேலை: உள்ளே பார்ப்பது

தோண்டாமல் சரிசெய்ய வேண்டுமானால், முதலில் எங்கே பழுது என்று தெரிய வேண்டும். ‘இங்க ஈரமா இருக்கு, இங்க தோண்டுவோம்’ என்ற கணக்கு இங்கே உதவாது. மேலே ஈரம் தெரியும் இடமும் கீழே ஓட்டை இருக்கும் இடமும் பல மீட்டர் தள்ளி இருக்கலாம்.

சாக்கடைக் குழாய் என்றால், சக்கரம் வைத்த கேமராவை மேன்ஹோல் வழியாக இறக்கி ஓட்டுவார்கள். எத்தனையாவது மீட்டரில் விரிசல், எங்கே வேர், எங்கே வீட்டு இணைப்பு, எங்கே குழாய் தாழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் வீடியோவில் பதிவாகும். இதற்கு முன் அதிக அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி, சேற்றை உறிஞ்சி, குழாயைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

குடிநீர்க் குழாயில் கசிவின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டு. ராத்திரி தெரு அடங்கிய பிறகு, தரையில் வைத்த உணர்கருவி கசிவின் சீறலைப் பிடிக்கும். எந்தச் சாக்கடை எங்கே கலக்கிறது என்று பார்க்க, ஒரு பக்கம் பாதிப்பில்லாத சாயத்தைக் கரைத்து ஊற்றி, மறுபக்கம் நிறம் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இதில் தமிழ்நாட்டுப் பங்கும் இருக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான சோலினாஸ் என்ற ஸ்டார்ட்அப், ‘எண்டோபாட்’ என்ற சிறு ரோபோவைத் தயாரித்துள்ளது. குழாய்க்குள்ளேயே ஊர்ந்து போய், கசிவும் கழிவுநீர் கலப்பும் எங்கே என்று காட்டுவது அதன் வேலை.

துணியால் ஒரு புதுக் குழாய்

தோண்டாத முறைகளில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ‘சிஐபிபி’. குழாய் இருக்கும் இடத்திலேயே உள்ளே இன்னொரு குழாயை வார்த்து இறுக வைப்பது என்று பொருள் கொள்ளலாம்.

இதன் மூலப்பொருள் துணி. பாலியஸ்டர் இழைகளை ஊசியால் குத்திச் செறிவாக்கிய, தறியில் நெய்யாத ஃபெல்ட் துணி. பழைய குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ப அதை நீண்ட பைபோலத் தைப்பார்கள். அந்தப் பைக்கு லைனர் என்று பெயர். அடுத்து நடப்பவை இவை:

• லைனரில் ரெசின் என்ற பிசினை ஊற்றி, ஒவ்வொரு இழையும் ஊறும்படி உருளையில் அழுத்துவார்கள். பாவுக்குக் கஞ்சி ஏற்றுவதோடு ஒப்பிடலாம். கஞ்சி காய்ந்தால் நூல் விறைக்கும். ரெசின் இறுகினால் துணியே குழாயாகும்.

• வழியிலேயே இறுகிவிடக் கூடாது என்பதால், குளிரூட்டிய லாரியிலோ ஐஸ் கட்டிகளுக்கு நடுவிலோ வைத்துக் கொண்டுவருவார்கள்.

• மேன்ஹோலில் லைனரின் ஒரு முனையைக் கட்டி, தண்ணீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் உள்ளே தள்ளுவார்கள். அது உள்வெளியாகத் திரும்பிக்கொண்டே போகும். முழுக்கைச் சட்டையின் கையை ஊதி உள்வெளியாகத் திருப்புவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரெசின் ஊறிய பக்கம் பழைய குழாயின் சுவரில் ஒட்டும். வழவழப்பான பக்கம் உள்ளே வரும்.

• பிறகு வெந்நீர் அல்லது நீராவியைச் செலுத்துவார்கள். சூட்டில் ரெசின் இறுகும். கண்ணாடி இழை லைனர் என்றால், புற ஊதா விளக்குத் தொடரை உள்ளே இழுத்து அந்த ஒளியில் இறுக வைப்பார்கள்.

• கடைசி வேலை வீட்டு இணைப்பு. புது லைனர் எல்லா வீட்டு வாயையும் மூடிவிட்டிருக்கும். ஒரு சிறு ரோபோ வெட்டுக்கருவி உள்ளே போய், முதல் வீடியோவில் குறித்து வைத்த இடங்களில் ஓட்டை போட்டுத் திறந்துவிடும். மறுபடி கேமரா ஓட்டிச் சரிபார்ப்பார்கள்.

இரண்டு மேன்ஹோலுக்கு இடைப்பட்ட ஒரு தொகுதிக்கு, சுத்தம் செய்து தயாராக வைத்திருந்தால், லைனரை நுழைத்து இறுக வைக்கும் வேலை வழக்கமாக ஒரு நாளில் முடியும். அந்த நேரத்தில் மேலே இருந்து வரும் கழிவுநீரை பம்ப் வைத்து வேறு வழியில் திருப்பிவிட வேண்டும்.

‘குழாய்க்குள் குழாய் போட்டால் அளவு குறையாதா?’ குறையும். 200 மி.மீ. குழாயில் 5 மி.மீ. கனத்தில் லைனர் போட்டால் உள்விட்டம் 190 மி.மீ. ஆகும், குறுக்குப் பரப்பு சுமார் 10% குறையும். ஆனால், மூட்டும் சொரசொரப்பும் இல்லாத உட்பக்கத்தில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால், கொள்ளளவு பெரும்பாலும் பழையபடி இருக்கும். சில சமயம் கூடவும் செய்யும். இப்படிப் போடும் லைனர் 50 ஆண்டு தாங்க வேண்டும் என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது.

யார் கண்டுபிடித்தது?

பிரிட்டனைச் சேர்ந்த எரிக் வுட் என்ற பொறியாளர். 1971-ல் கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், 19-ம் நூற்றாண்டில் கட்டிய முட்டை வடிவச் செங்கல் சாக்கடை ஒன்றில் சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு இதை முதன்முதலில் செய்தார். அமெரிக்கக் காப்புரிமை 1977-ல் கிடைத்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் இறங்கின.

நெசவுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கிளையும் உண்டு. ஜப்பானின் ஒசாகாவில் உள்ள அஷிமோரி, தீயணைப்பு வண்டிகளில் பார்க்கிற ஹோஸ் பைப்பை நெய்யும் நிறுவனம். அந்த ஹோஸ் தையலே இல்லாமல் வட்டமாக நெய்யப்படுவது. அதே நுட்பத்தில் நெய்த லைனரைத்தான் அது பூமிக்கு அடியில் உள்ள எரிவாயுக் குழாய்களுக்குள் செலுத்தி ஒட்ட வைத்தது. அழுத்தம் தாங்க வேண்டிய குழாய்க்கு, ஃபெல்ட்டைவிட நெய்த துணிக்குப் பலம் அதிகம்.

வேறு முறைகள் என்ன?

ஒட்டுப் போடுதல்: 60 மீட்டரில் ஒரே ஒரு இடத்தில்தான் விரிசல் என்றால், அந்த இடத்துக்கு மட்டும் ரெசின் ஊறிய துணித் துண்டைக் காற்றடைத்த பலூனில் சுற்றிக் கொண்டுபோய், விரித்து ஒட்ட வைப்பார்கள்.

நுழைத்தல்: பழைய குழாய்க்குள் அதைவிடச் சிறிய பாலிஎத்திலீன் குழாயை இழுத்துவிடுவது. எளிமையானது, ஆனால் அளவு கணிசமாகக் குறையும்.

உடைத்து மாற்றுதல்: கூம்பு வடிவத் தலையைப் பழைய குழாய்க்குள் இழுப்பார்கள். அது குழாயை உடைத்துச் சில்லுகளை மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே போகும். பின்னாலேயே புதுக் குழாய் வரும். பழையதைவிடப் பெரிய குழாய்கூடப் போடலாம் என்பதுதான் இதன் தனிச் சிறப்பு. பிரிட்டனில் எரிவாயு நிறுவனம் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்ற 1980 வாக்கில் இதைக் கொண்டுவந்தது. பக்கத்திலேயே வேறு குழாய்களோ, அஸ்திவாரம் ஆழமில்லாத வீடுகளோ இருந்தால் யோசித்துத்தான் செய்ய வேண்டும். நெருக்கமான நெசவாளர் தெருக்களில் இந்த எச்சரிக்கை அவசியம்.

உட்பூச்சு: குடிநீர் இரும்புக் குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உள்ளே சிமென்ட் சாந்தோ எபாக்ஸியோ பூசுவது. துருவும் கலங்கலும் நிற்கும். ஆனால், பூச்சு மட்டும் பெரிய உடைப்பைத் தாங்காது.

குடிநீர்க் குழாய்க்கும் இது சுலபமா?

சாக்கடை அளவுக்குச் சுலபம் இல்லை. காரணங்கள் மூன்று.

ஒன்று, குடிநீர்க் குழாயில் மேன்ஹோல் கிடையாது. லைனரை உள்ளே விட, வெளியே எடுக்க, குறைந்தது இரண்டு முனையிலாவது பள்ளம் வேண்டும். இரண்டு, வீட்டு இணைப்புகள். வழக்கமான முறைகளில் பல இடங்களில் ஒவ்வொரு இணைப்பையும் சிறு பள்ளம் தோண்டித்தான் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். சின்னச் சின்ன வீடுகள் ஒட்டியொட்டி இருக்கும் தெருவில், பத்தடிக்கு ஒரு பள்ளம் என்றால் தோண்டாத முறையின் லாபமே கரைந்துவிடும். மூன்று, தண்ணீரைத் தொடும் ரெசினும் பூச்சும் குடிநீருக்கு உகந்தவை என்று சான்று பெற்றிருக்க வேண்டும். சாக்கடைக்குப் போடும் சரக்கைக் குடிநீர்க் குழாயில் போடக் கூடாது.

எனவே ‘தோண்டாத’ என்ற சொல்லை ‘குறைவாகத் தோண்டும்’ என்று புரிந்துகொள்வது நேர்மையானது.

எங்கே வேலைக்கு ஆகாது?

குழாய் முழுசாக நொறுங்கி, வழியே அடைபட்டுப் போயிருந்தால் லைனர் நுழையாது. நடுவில் தாழ்ந்து தண்ணீர் தேங்கும் குழாய்க்கு லைனர் போட்டால், அதே தாழ்வோடு ஒரு புதுக் குழாய் கிடைக்கும்; தேக்கம் தீராது. சாக்கடை ஓடுவதே வாட்டத்தால்தான். வாட்டம் தப்பினால் தோண்டுவதைத் தவிர வழியில்லை. ஊர் வளர்ந்து குழாய் போதாமல் போயிருந்தாலும் லைனர் தீர்வாகாது. ஒரே இடத்தில், ஆழமில்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் உடைப்பு என்றால், தோண்டிச் சரிசெய்வதே மலிவு, அதுவே புத்திசாலித்தனம்.

இந்தியாவில் செய்திருக்கிறார்களா?

கொல்கத்தா இதற்கு நல்ல உதாரணம். வில்லியம் கிளார்க் என்ற பொறியாளரின் திட்டப்படி 1859-ல் தொடங்கி 1875-ல் முடிந்த செங்கல் சாக்கடைகள், அந்த நகரத்தின் நெரிசலான சாலைகளுக்கு அடியில் இன்றும் ஓடுகின்றன. ஆள் நுழையும் அளவுக்குப் பெரியவை. நூறாண்டு கடந்து செங்கல் உதிர்ந்தபோது, மேலே டிராமும் பஸ்ஸும் ஓடும் சாலைகளை நெடுகத் தோண்டிப் புதைப்பது நடக்கிற காரியம் இல்லை. சேற்றை அள்ளிவிட்டு, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் வளையங்களை உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தி, செங்கலுக்கும் வளையத்துக்கும் இடையில் சிமென்ட் குழம்பை நிரப்பினார்கள். பழைய சாக்கடையே புதுச் சாக்கடைக்கு அச்சாக நின்றது.

தமிழர் அதிகம் வாழும் சிங்கப்பூரில், பொதுப் பயனீட்டுக் கழகம் 1996 முதல் பழைய சாக்கடைக் குழாய்களை இப்படி லைனர் போட்டுப் புதுப்பித்துவருகிறது. அங்கே கழிவுநீர் வீண் அல்ல. சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் தண்ணீருக்கு அதுதான் மூலம். குழாய் கசிந்தால் நிலமும் கெடும், மூலப்பொருளும் போகும். அதனால் உடையும்வரை காத்திருக்காமல், கேமரா ஓட்டிப் பார்த்து, வரிசைப்படி சரிசெய்கிறார்கள்.

மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பு 2013-ல் வெளியிட்ட கழிவுநீர்க் கையேடும், குழாய்களை உள்ளிருந்தே சீரமைக்கும் முறைகளைப் பேசுகிறது. ஆக, நகராட்சி இதைக் கேட்டால் ‘அரசு விதியில் இல்லாத வேலை’ என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆள் இறங்கக் கூடாது

மேன்ஹோலைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆபத்தான முறையில் மனிதரைச் சாக்கடையில் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2014-ல் சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

தோண்டாத முறை என்றாலே ஆள் இறங்காத முறை என்று அர்த்தம் இல்லை. கேமரா, பீய்ச்சும் இயந்திரம், ரோபோ வெட்டுக்கருவி எல்லாம் இருந்தும், ‘அடைப்பை மட்டும் எடுத்துவிடு’ என்று ஒருவரை உள்ளே அனுப்பினால் எல்லாம் வீண். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவைக்க வேண்டும். பெரிய குழாய்களில் பயிற்சி பெற்ற பணியாளர் இறங்கியே ஆக வேண்டிய வேலை என்றால், வாயுப் பரிசோதனை, காற்றோட்டம், மீட்புக் கயிறு, மேலே காவல் ஆள் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

இன்னொரு ஆபத்து, புகை. ரெசின் இறுகும்போது ஸ்டைரீன் உள்ளிட்ட ரசாயனங்கள் வெளியேறும். வெள்ளையாக எழும்புவது வெறும் நீராவி அல்ல என்பதை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் அளந்து காட்டினார்கள். வீட்டுக் கழிவறைக் குழாயில் தண்ணீர் அடைப்பு வறண்டிருந்தால், அந்த வாடை வீட்டுக்குள்ளும் வரும். அதனால் வேலை நடக்கும் நாளில், பயன்படுத்தாத கழிவறைத் துளைகளிலும் தண்ணீர் ஊற்றி வைப்பது, ஜன்னலைத் திறந்து வைப்பது, குழந்தைகளை மேன்ஹோல் பக்கம் விடாமல் இருப்பது நல்லது. தெருவாசிகளுக்கு முன்கூட்டியே சொல்வது ஒப்பந்ததாரரின் பொறுப்பு.

செலவு அதிகம் என்கிறார்களே?

குழாயின் விலையை மட்டும் ஒப்பிட்டால், ஆழமில்லாத சின்னக் குழாய்க்குத் தோண்டுவதுதான் பல இடங்களில் மலிவாகத் தெரியும். ஆனால், அந்தக் கணக்கில் எதெல்லாம் விட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும். ரோட்டைத் திரும்பப் போடும் செலவு, ஜேசிபி பல்லில் மாட்டி அறுபடும் கேபிளும் பக்கத்துக் குழாயும், மூடிய பள்ளம் மறுபடி உள்வாங்கினால் செய்யும் ஒட்டுவேலை. இவையெல்லாம் பெரும்பாலும் வேறு வேறு கணக்கில், வேறு வேறு துறையில் எழுதப்படுகின்றன. தறி நின்ற நாட்கள் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

சிறிய ஊருக்கு உண்மையான தடை வேறு. சுத்தம் செய்யும் வண்டி, கேமரா, கொதிகலன், பயிற்சி பெற்ற ஆட்கள் என்று ஒரு படையே வர வேண்டும். நூறு மீட்டர் வேலைக்காக அதைக் கூப்பிட்டால் மீட்டர் விலை எகிறும். திருவண்ணாமலை, செய்யாறு, வந்தவாசி, ஆரணி போன்ற பக்கத்து ஊர்களின் வேலைகளை ஒன்றாகக் கட்டி ஒரே ஒப்பந்தம் விட்டால் விலை இறங்க வாய்ப்பு உண்டு. ஆனால், எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் பழுது என்று முதலில் தெரிந்தால்தான் வேலைகளை ஒன்றாகக் கட்டவே முடியும். அதனால்தான் லைனரைவிடக் கேமராதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அந்த வீடியோவும் வரைபடமும் கையில் இருந்தால், தோண்டுவதாக முடிவு செய்தாலும் சரியான இடத்தில் ஒரே ஒரு பள்ளத்தோடு முடிக்கலாம்.

உங்கள் தெருவில் ஜேசிபி வரும் முன் கேட்க வேண்டியவை

1. இந்தக் குழாயைக் கேமரா அல்லது கசிவுக் கருவி வைத்துப் பார்த்தீர்களா? அந்தப் பதிவைப் பார்க்கலாமா?

2. பழுது ஒரே இடத்திலா, தொடர்ச்சியாகவா? ஒட்டுப் போட்டால் போதுமா?

3. குழாயின் வாட்டமும் அளவும் சரியாக உள்ளனவா? அவை தப்பு என்றால் லைனர் போட்டு என்ன பயன்?

4. குடிநீர்க் குழாய் என்றால், ரெசினுக்கோ பூச்சுக்கோ குடிநீர்ச் சான்று உண்டா?

5. மேன்ஹோலுக்குள் ஆள் இறங்க மாட்டார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

6. செலவு ஒப்பீட்டில் ரோடு போடும் செலவும் சேர்ந்திருக்கிறதா?

7. தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் மூடுவீர்கள்?

இவற்றைக் கேட்கப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. வார்டு கவுன்சிலரிடம் வாயால் கேட்கலாம். நகராட்சி ஆணையருக்கு மனுவாகக் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஏழாவது கேள்விக்கு மட்டும் சரியான பதில் கிடைத்தால்கூட, ஒரு நெசவாளர் குடும்பம் அடுத்த பாவை எந்த நாளில் தெருவில் நீட்டுவது என்று முன்கூட்டியே திட்டமிட முடியும்.